ஜிப்பாவின் முதுகுப் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் கப்பல்பட்டறைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பாபிகிர் அவர்களே! கூட்டத்தைத் துஆப் பிரார்த்தனை ஓதித் தொடங்கி வைத்த ஷேக் தைஃபல்லா அவர்களே! கொதிகலன் பிரிவிலிருந்து கைக்கரியைக்கூடக் கழுவ நேரமில்லாமல் ஓடிவந்து பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே! திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மை விட்டுப் பிரிந்த கொதிகலன் மேஸ்திரி உஸ்தா ஹசபல்லாவின் ஒரே மகள், ஆசிரியை நிமாத் அவர்களே! எல்லோருக்கும் என் சலாம்.

இன்று நாற்பதாம் நாள். எனக்கு முன் ஐந்து பேர் பேசினார்கள். அருமையாகப் பேசினார்கள். ஹசபல்லா கொதிகலன் அடிப்பதில் மன்னன் என்றார்கள். சங்கத்தின் தூண் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஐந்து பேரும் ஒரு வார்த்தையை விடாமல் சொன்னார்கள். 'கறை.' இளமையில் அவர்மேல் விழுந்த கறையைப் பிற்கால உழைப்பால் துடைத்துவிட்டார் என்றார்கள். தலைவர் ஒரு படி மேலே போய், இன்று இங்கே திரையிடப் போகும் ஆங்கிலேயப் படத்தில் அவர் ஓடுகிற இடத்தை மட்டும் மரியாதை கருதி வெட்டிவிட்டுக் காட்டப் போவதாகச் சொன்னார்.

கறையா? எந்தக் கறை? யாருடைய கறை?

என்னை உங்களுக்குத் தெரியும். கய்யூம். முப்பது வருடமாக இந்தப் பட்டறையில் கொதிகலன் பரிசோதகன். கையில் சிறு சுத்தியல், ஒவ்வொரு ரிவிட் ஆணியாகத் தட்டிப் பார்ப்பது என் வேலை. தட்டிப் பார்க்காமல் நான் எதையும் நம்பியதில்லை. என் மனைவி பத்தூல் கொடுக்கும் தேநீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன் என்று நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் முப்பது வருடமாக ஒரு மனிதனை விடாமல் சந்தேகப்பட்டேன். அந்த மனிதனுக்குத்தான் இன்று இரங்கல் பேச வந்திருக்கிறேன்.

தோழர்களே! முப்பது வருடத்துக்கு முன் அந்தப் படக்காரத் துரைமார் நம் சூடானுக்கு, இந்த ஓம்துர்மானுக்கு வந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கே படமெடுத்தார்கள்? கராரி மைதானத்தில்! நம் தாத்தாக்களை இயந்திரத் துப்பாக்கியால் வரிசை வரிசையாகச் சாய்த்தார்களே, அதே கராரியில்! அந்தத் தோல்வியை நடித்துக் காட்ட யாரைக் கூப்பிட்டார்கள்? அவர்களுடைய பேரன்களைக் கூப்பிட்டார்கள். நாமும் போனோம். கூலி கொடுத்தார்கள், சோறு போட்டார்கள், நானூறு பேர் லாரி ஏறிப் போனோம். வெட்கம் கெட்ட கதைதான், மறைப்பானேன்?

எனக்கும் ஹசபல்லாவுக்கும் அப்போது இருபத்து மூன்று வயது. நம் தாத்தாக்கள் போருக்கு உடுத்திய மாதிரியே தைத்துக் கம்பெனிக்காரர்கள் மூட்டையாய்க் கொண்டுவந்த ஒட்டுப்போட்ட ஜிப்பாக்களை எல்லோருக்கும் வீசி எறிந்தார்கள். ஹசபல்லா மட்டும் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டு வந்திருந்தான். அவனுடைய தாத்தா கராரியில் உடுத்தி விழுந்த ஜிப்பா. மார்பில் மூன்று ஓட்டை. முதுகில் பிறை வடிவத்தில் ஒரு கருநீல ஒட்டு. ஒவ்வொரு ஈதுப் பெருநாளுக்கும் அவர்கள் வீட்டு முற்றத்தில் கொடியில் தொங்குமே, தெருவே வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுமே, அதே ஜிப்பா.

நான் கெஞ்சினேன். "டேய், ஒரே ஒரு நாள் குடுடா. அந்த மூட்டை ஜிப்பாவப் போட்டா கோமாளி மாதிரி இருக்கேன். பத்தூல் வீட்டுல எல்லாரும் படம் பாப்பாங்கடா."

அவன் கழற்றிக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒன்று சொன்னான். "போட்டுக்க. ஆனா முதுகக் காட்டிடாத. அதுக்குப் பழக்கம் இல்ல."

ஆமாம் தோழர்களே. சரியாகத்தான் கேட்கிறீர்கள். அந்த ஜிப்பாவை அன்று உடுத்தியிருந்தது நான். சத்தம் வேண்டாம். முழுதாகக் கேளுங்கள்.

கம்பெனித் துபாஷி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கத்தினான். "விசில் அடிச்சதும் எல்லாரும் திரும்பி ஓடணும்! ஈட்டியப் போட்டுடணும்! வாயத் தொறந்து அலறணும்! செத்து விழுறவங்க சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது!"

"மாமா, செத்தவனுக்கு நிழல் உண்டா?" என்று யாரோ கேட்டார்கள். மைதானமே சிரித்தது.

விசில் அடித்தது. துப்பாக்கிகள் வெடித்தன. வெறும் மருந்துதான், குண்டு கிடையாது. ஆனால் சத்தம் பொய்யில்லையே! நான் நடிக்கவில்லை. நிஜமாகவே ஓடினேன். ஈட்டியைப் போட்டேன், ஒரு செருப்பு கழன்றது, தலைப்பாகை நுனியைத் தூசிக்காக முகத்தில் சுற்றிக்கொண்டு படப்பெட்டியை உரசிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஹசபல்லா ஓடவில்லை.

போர் கைவிட்டுப் போன பிறகும் ஓட மறுத்த நம் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்கள் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. குதிரையை விட்டு இறங்கினார்கள், தொழுகைக்கு வைத்திருந்த ஆட்டுத்தோலைத் தரையில் விரித்தார்கள், தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். ஹசபல்லா அன்று, தொழுகைக்கென்று எங்கே போனாலும் தோளில் போட்டுச் செல்லும் ஆட்டுத்தோலை விரித்து உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையும் முழங்கால்மேல். மூட்டையில் வந்த கோமாளி ஜிப்பாவில்! நானூறு பேரும் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். துரைமார் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கூலி கொடுக்காமல் அப்போதே துரத்திவிட்டார்கள். அந்தக் காட்சியை வெட்டி எறிந்தார்கள்.

யாரோ ஒருவன் உட்கார்ந்தான் என்று ஊரில் பேச்சு மட்டும் உலவியது. "அது நான்தான்" என்று இதுவரை ஒன்பது பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். மேடையில் இருக்கும் யாரையும் நான் பார்க்கவில்லை. தலைவர் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்றும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் படம் வந்தது. திறந்தவெளிக் கொட்டகையில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். திடீரென்று திரை முழுவதும் ஒரு முதுகு. பிறை வடிவ ஒட்டு. அது குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. முகம் தெரியவில்லை. "டேய், அது ஹசபல்லா வீட்டு ஜிப்பாடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இருபது குரல். கொட்டகையே ஊளையிட்டது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னான்: "நல்லாத்தான் ஓடியிருக்கே."

அவ்வளவுதான் சொன்னான். அன்றும் சரி, அதற்கப்புறமும் சரி, வேறு எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுந்து நின்று "அது நான்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். கோழைக்குப் பெண் கொடுக்கும் வீடா பத்தூல் வீடு? ஊரிலேயே பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரி அவள். அந்த வாரமே ஒரு பாட்டுக் கட்டினாள். நீங்கள் எல்லோரும் பாடியதுதான். நிமாத், நீ பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கேட்டதுதான், மன்னித்துக்கொள்.

*தாத்தன் ஜிப்பா முன்னால ஓட்டை,*
*பேரன் போட்டான் பின்னால ஓட்டம்!*

ஹசபல்லாவுக்குப் பேசி வைத்திருந்த மாமன் மகளை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். நாலு வருடம் கழித்து வெளியூரிலிருந்துதான் அவனுக்குப் பெண் கிடைத்தது. தாத்தாவின் ஜிப்பா பெட்டிக்குள் போயிற்று. அதன்பின் எந்த ஈதுக்கும் அது கொடியேறவில்லை.

என் கல்யாணக் கதைக்கு வருகிறேன். நம் வழக்கம் தெரியுமே. மாப்பிள்ளை கையில் சாட்டை. இளந்தாரிகள் ஒவ்வொருவராக வந்து முதுகைக் காட்டுவார்கள். பெண்கள் மத்தளம் தட்டிப் பாடுவார்கள். அடி விழும்போது இமை துடிக்கக் கூடாது. துடித்தால் ஊர் சிரிக்கும். ஹசபல்லா முன்னால் வந்து மேல்துணியைக் கழற்றினான். பெண்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "பாத்து மாப்ளே! ஒரு அடிக்கே ஆத்தத் தாண்டிடப் போறாரு!" மத்தளத்தோடு அந்தப் பாட்டு எழும்பியது.

என் கையில் சாட்டை. தோழர்களே, அன்று நான் எண்ணியதை இன்று அல்லாவின் முன்னும் உங்கள் முன்னும் சொல்கிறேன். இவன் துடிக்க வேண்டும் என்று எண்ணினேன். ஒரு தடவை துடித்துவிட்டால் போதும், ஊர் பாடுவது உண்மையாகிவிடும், நான் தப்பித்தேன். ஏழு அடி அடித்தேன். மற்றவர்களுக்கு மூன்றுதான். ஏழாவது அடியில் இரத்தம் வந்தது. அவன் துணியைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, "மாப்ளே, கை வலிக்குதா?" என்று கேட்டான்.

அன்று பிடித்தது எனக்குச் சந்தேகம். எதற்காக இவன் வாயைத் திறக்கவில்லை? என்ன வேண்டும் இவனுக்கு? ஒரு நல்லது செய்துவிட்டு எதுவும் கேட்காத மனிதனை எப்படி நம்புவது? நல்ல ஆணி என்றால் தட்டினால் ஓசை வர வேண்டாமா? என்றாவது ஒருநாள் வந்து கழுத்தைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் வீட்டில் கறி சமைத்தால் சந்தேகம். என் பிள்ளைக்குப் பேர் வைக்க வந்து கட்டி அணைத்தால் அதைவிடச் சந்தேகம்!

பிறகு அந்தக் கொதிகலன் விவகாரம். அன்றைய துரை, ஆறாத கொதிகலனுக்குள் ஆளை இறக்கச் சொன்னான். வரிசையில் முதல் ஆள் இறங்கப் போனான். ஹசபல்லா குறுக்கே வந்து, கொதிகலன் வாய்க்கு முன்னால் ஆட்டுத்தோலை விரித்து உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையும் முழங்கால்மேல்! நான் மட்டும் ஏற்கெனவே பார்த்த உட்காரல் அது. "எழுந்திரு" என்றான் துரை. "ரெண்டு நாள் ஆறட்டும் துரை. நானும் ஆறிக்கிறேன்" என்றான் ஹசபல்லா. போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று துரை பின்வாங்கினான். இரண்டு நாள் ஆறிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும் என்று இந்தப் பட்டறையில் ஒரு விதி உண்டல்லவா? யாருடைய விதி என்று நினைத்தீர்கள்?

அவனை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். மற்றவர்களை மாதக்கணக்கில் வைப்பவர்கள் இவனை மட்டும் ஏன் விட்டார்கள்? ஆகா, அகப்பட்டான் என்றேன் நான். காட்டிக்கொடுப்பவன்! அதனால்தான் இத்தனை பொறுமை! பட்டறையில் நாலு பேரிடம் காதோடு காதாகச் சொல்லியும் வைத்தேன். நாலு வெள்ளிக்கிழமை அவன் பின்னாலேயே போனேன். எங்கே போனான்? கொட்டகைக்கு! அந்தப் படத்தை மறுபடி ஓட்டினார்கள். முன்பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே பார்த்தான். முதுகு வரும் இடத்தில் பொடியன்கள் அவன்மேல் கடலைத்தோலை எறிந்து, "மாமா, ஓடு ஓடு!" என்றார்கள். அவனும் சிரித்தான். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவன் நான்.

விடுதலையின் காரணம் பிறகு தெரிந்தது. அந்தப் போலீஸ் அதிகாரியும் படம் பார்த்திருக்கிறான். "இவனா? அந்த ஓடுற ஆளுதானே! இவனால என்ன ஆகும், விட்டுடு" என்றானாம். என் ஓட்டம் அவனைக் காப்பாற்றியது என்று சொல்லி நான் கொஞ்ச நாள் மனதைத் தேற்றிக்கொண்டதும் உண்டு. எவ்வளவு மட்டமான மனம் பாருங்கள்!

துரைமார் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. ஹசபல்லா நெஞ்சுச் சளியில் படுத்தான். கடைசி வாரம் போனேன். அறையில் யாருமில்லை. கேட்டேவிட்டேன்.

"ஏன்டா சொல்லல?"

"என்னத்த?"

"ஓடினது யாரு, உக்காந்தது யாருன்னு."

சிரித்தான். இருமல் வந்தது. "நீ இன்னும் அதத் தட்டிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கியா? டேய் கய்யூம், நான் வீரனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விசில் அடிச்ச நேரம் பாத்து வலது குதிகால்ல முள்ளு ஏறிடுச்சு. கருவேல முள்ளு, விரல் நீளம். ஓட முடியல, உக்காந்துட்டேன். உக்காரப் போறோமேன்னு தோல விரிச்சேன். மறுநாள் நாவிதர் ஜுபாரா கத்தி வச்சுக் கீறித்தான் எடுத்தாரு. தழும்பு இன்னும் கெடக்கு. முள்ளு குத்தினவனுக்கு எதுக்குடா பேரு? போய்த் தூங்கு."

போனேன். தூங்கினேன்! முப்பது வருடத்தில் முதல்முறையாக விடியும்வரை தூங்கினேன். அவனும் நானும் ஒன்றுதான், அவனுக்கு முள், எனக்குப் பயம், கணக்குத் தீர்ந்தது என்று தூங்கினேன். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

உடலைக் குளிப்பாட்டிய நாலு பேரில் நானும் ஒருவன். கால் பக்கம் நான் நிற்கிறேன் என்றேன். உங்களுக்குப் புரிகிறதல்லவா? செத்தவனையும் தட்டிப் பார்க்காமல் விடாத ஜென்மம் நான். வலது குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். வெடிப்பு இருந்தது. தழும்பு இல்லை. வலம் இடம் மாற்றிச் சொல்லிவிட்டானோ என்று இடதையும் பார்த்தேன். இல்லை. பிறகு ஒருக்களித்துத் திருப்பினோம். முதுகு தெரிந்தது. அங்கே ஏழு தழும்பு இருந்தது. நான் போட்டது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது நாவிதர் ஜுபாராவைப் பிடித்துக் கேட்டேன். மூன்றாவது பெஞ்சில்தான் இருக்கிறார், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். "முள்ளா? என்ன முள்ளு? படம் புடிச்ச வருஷம் நான் இந்த ஊர்லயே இல்ல. போர்ட் சூடான்ல இல்ல கடை வச்சிருந்தேன்!" என்றார். அந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாகிற மனிதன், நான் தூங்க வேண்டும் என்பதற்காக, தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே பெருமையையும் முள்ளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்!

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. நான் தட்டிப் பார்ப்பவன் என்று அவனுக்குத் தெரியும். குதிகாலைப் பார்ப்பேன் என்று தெரிந்தேதான் சொன்னானோ? என்னைத் தூங்க வைக்கச் சொன்னானா, எழுப்பச் சொன்னானா? இனி அதைத் தட்டிப் பார்க்க வழியில்லை.

பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் யாரோ எழுந்து நிற்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். பத்தூல், சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடு.

கேட்டீர்களா தோழர்களே? "பேசி முடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு அங்க இருக்கு" என்கிறாள். இன்னும் ஏதோ சொல்கிறாள். "அந்தப் பாட்டக் கட்டினவ நான். நிமாத்து கையப் புடிச்சுக்கிட்டு நாளைக்கே தெருத் தெருவாப் போயி நானே அவுக்கிறேன்" என்கிறாள். நல்லது. புதுப் பாட்டில் என் பேரைத் தாராளமாகப் போடு. ஹசபல்லா முப்பது வருடம் சுமந்ததை நான் மிச்ச நாளைக்கு மட்டும்தானே சுமக்கப் போகிறேன்.

நிமாத், மகளே. இந்த ஈதுக்கு அந்த ஜிப்பாவைப் பெட்டியிலிருந்து எடு. கொடியில் போடு. மார்பைக் காட்டிப் போடாதே, முதுகு தெருவைப் பார்க்கும்படி போடு. யாராவது கேட்டால், இந்தப் பக்கம் கய்யூம் மாமா செய்த வேலை என்று சொல்.

அன்பார்ந்த தோழர்களே! இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்காமல் மேடை இறங்கினால் நீங்கள் விடமாட்டீர்கள். சென்ற வாரம் பட்டறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. கொதிகலன் ஆறுவதற்கு இனி இரண்டு நாள் வேண்டாம், ஒரு நாள் போதுமாம். கையெழுத்துப் போட்டிருப்பது துரை இல்லை, நம் ஆள். சங்கத்தைக் கேட்டுத்தான் செய்தோம் என்கிறார்கள். தலைவரே, யாரைக் கேட்டார்கள்? பதில் இப்போது வேண்டாம். சனிக்கிழமை காலை கொதிகலன் வாய்க்கு முன்னால் வந்து சொல்லுங்கள், அங்கே நான் உட்கார்ந்திருப்பேன்.

இது அவனுடைய ஆட்டுத்தோல். இன்று காலை நிமாத்திடம் கேட்டு வாங்கினேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை, அப்படியே அப்பன்தான்.

தலைவரே, படத்தில் எதையும் வெட்ட வேண்டாம். முழுதாகப் போடச் சொல்லுங்கள். சன்னல்களைச் சாத்துங்கள். படத் திரைக்கு முன்னால், எல்லோருக்கும் தெரியும்படி, இந்தத் தோலை விரித்து உட்காரப் போகிறேன். அந்த முதுகு வரும்போது யாரும் நிமாத் இருக்கும் பக்கம் திரும்பாதீர்கள், என்னைப் பாருங்கள். கடலைத்தோல் இருந்தால் எறியுங்கள். நான் எழுந்து போக மாட்டேன்.

படத்தைப் போடு, தம்பி.